பிலோமினா யாரையும் மன்னிக்கவில்லை

பிலோமினா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிச் செல்லும் லாரிக்காரர். தானா ராத்தாவில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே தலையை வெளியே நீட்டினார். "டீச்சர், உங்க கூட்டாளி போய்ட்டாங்க லா. காலையில ஆறரைக்கு. அண்ணன்காரரு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க," என்றார். என் கையில் சாக்பீஸ் இருந்தது. அழுகை வரவில்லை. இந்தச் செய்தி பட்டணத்தில் இருக்கும் அந்த ஒருவருக்கும் போய்ச் சேரும், கேட்டுவிட்டு இன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிடுவார் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அவரிடமிருந்தே எனக்குக் கடிதம் வந்தது. அவர் எங்கள் இருவருக்கும் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளராக இருந்தவர், இப்போது பேராசிரியர். தோட்டத்துப் பெண்களைப் பற்றிய தம் புத்தகம் மறுபடியும் அச்சாகிறதாம். இந்த முறை பிலோமினாவின் பெயரையும் என் பெயரையும் 'உதவியவர்கள்' என்று முதல் பக்கத்தில் போட விரும்புகிறாராம். அதற்கு ஒரு சம்மதப் படிவம் இணைத்திருந்தார், நான் கையெழுத்துப் போட்டால் போதும். பிரிஞ்சாங் மண்டபத்தில் நாம் நடத்தப்போகும் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும் அவர் தயாராம். 'என் அருமை மாணவி' என்று நாலு இடத்தில் எழுதியிருந்தார்.

நினைவு மலர்க் குழுவினர் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். பிலோமினாவின் அன்பு, பணிவு, பொறுமை பற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்றார்கள். அவளிடம் அந்த மூன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கடிதத்துக்கு என் பதில். இரங்கல் மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் அவளோடு ஒரு வேளைகூடப் பழகாதவர்கள்.

நாங்கள் ஒரே தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அவளுடைய அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக மாதா கோயிலுக்குப் போவார்கள். என் அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார், நாங்கள் மாரியம்மன் கோயில். எழுபதுகளின் நடுவில் அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் நாங்கள் இருவர் மட்டும். நாங்கள் பஸ் ஏறிய அன்று கங்காணி ரோட்டோரம் நின்று, "ரெண்டும் படிச்சிட்டு வந்து எனக்கே பெரட்டு போடப் போகுதுங்க," என்று சிரித்தார். காலையில் எல்லாரையும் களத்தில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. பிலோமினா சிரிக்கவில்லை. பஸ் தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் வளைய ஆரம்பித்த பிறகு, "அது நல்ல யோசனைதான்," என்றாள்.

முதல் வாரத்து வகுப்பு ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. விரிவுரையாளர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து குறுக்கே கோடுகள் போட்டார். உச்சியில் யார், நடுவில் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அடிக்கோட்டுக்கு வந்ததும் எங்கள் பக்கம் பார்த்தார். பிலோமினா எழுந்து, "சார், எங்க லயம் அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கு. பலகையிலதான் இடம் இல்லை," என்றாள். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல், முக்கோணத்தை முழுக்க அழித்துவிட்டு, கீழே இடம் விட்டு மறுபடியும் வரைந்தார். அன்றைக்கே நாங்கள் இருவரும் அவரிடம் விழுந்துவிட்டோம்.

அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவர் நல்ல ஆசிரியர். ரப்பர் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் மகன், அந்த ஆபீஸ் வராந்தாவில் கைகட்டி நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான் என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்று உண்டு. அநீதி நடந்தால் தனி ஆளைத் திட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அந்த ஆளை அப்படி நடக்கவைக்கும் அமைப்பைப் பாருங்கள் என்பார். கங்காணியை மட்டுமே திட்டி வளர்ந்த எங்களுக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. இவ்வளவு நாள் நாம் முட்டாள்களாக இருந்தோமே என்று விடுதி அறையில் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டோம்.

கடைசி வருடத்துக் கள ஆய்வுக்கு நாங்கள் எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொண்டோம். பிலோமினா தேர்ந்தெடுத்த விஷயம் நிரை. கொழுந்து பறிக்கப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மலையில் ஒரு நிரை உண்டு, செடிகளின் அந்த வரிசை அவளுடையது. மேல் நிரை ரோட்டுக்கும் தராசுக்கும் பக்கம். கீழ் நிரை பள்ளத்தில், ஓடையோரம், அட்டைக் கடியில். அங்கிருந்து நிறைந்த கூடையைச் சுமந்துகொண்டு மேலே ஏறவேண்டும். எந்த நிரை யாருக்கு என்று கங்காணி ஒருதடவை சொல்லிவிட்டால் பல வருடங்களுக்கு மாறாது. மேல் நிரையில் கங்காணியின் சாதிக்காரர்கள், உறவுக்காரர்கள். நடுவில் என் அம்மா மாதிரியானவர்கள். பள்ளத்தில் கீழ் லயத்துக்காரர்கள், பிலோமினாவின் அம்மாவும் அங்கேதான். இது எந்தத் தாளிலும் எழுதப்படாத சட்டம். மானேஜருக்கே தெரியாது. பிலோமினா மூன்றாம் நம்பர் மலையை முழுசாக வரைந்து, பத்தொன்பது நிரைகளையும் குறித்தாள். அவள் கோடு போட, எண்களை நான் எழுதினேன், என் கையெழுத்து அழகு என்பதால்.

பத்தொன்பதாம் நிரை பாக்கியம் அக்காவுடையது. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். மற்றப் பெண்கள் சுற்றிச் சுற்றிப் பேசியதை அவர் பறித்துக்கொண்டே நேராகச் சொன்னார். "வேலை விட்டப்புறம் கங்காணி வீட்டுல விறகு பொளந்து, பாத்திரம் கழுவிக் குடுத்தா மேல் நிரை. நான் போகல. என் கையும் காலும் தோட்டத்துக்குத்தான், அவன் வீட்டுக்கு இல்ல. அதான் பள்ளம். வயித்துல புள்ளையோட இந்த மேட்டுல கூடையைத் தூக்கினேன். அஞ்சாம் மாசம் போயிருச்சு." கை நிற்கவே இல்லை, கொழுந்து கூடைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. பிலோமினா எழுதுவதை நிறுத்திவிட்டு, "எழுதலாமாக்கா?" என்று கேட்டாள். "எழுதத்தானே வந்தீங்க," என்றார் பாக்கியம் அக்கா.

எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. ஆய்வில் யாருடைய பெயரும் இருக்கக்கூடாது என்பது விதி. நாங்கள் ஒரு பெயரையும் எழுதவில்லை. தோட்டத்தின் பெயரைக்கூட மறைத்தோம். 'பத்தொன்பதாம் நிரைப் பெண் சொன்னது' என்று எழுதினோம். பட்டணத்துப் பிள்ளைகள் இந்த ஆய்வைச் செய்திருந்தால் ஏதாவது கற்பனைப் பெயர் வைத்துத் தப்பித்திருப்பார்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினால் அவள் எந்த மலை, எந்த நிரை என்று சொல்லித்தான் எங்கள் வாய்க்குப் பழக்கம். தோட்டத்தில் நாலு பாக்கியம் இருக்கலாம், மூன்றாம் மலையில் பத்தொன்பதாம் நிரை ஒருத்திக்குத்தான். பெயரை மறைத்துவிட்டு, பெயரைவிடத் தெளிவான அடையாளத்தைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்தோம். தோட்டத்துப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

ஆனாலும் அந்தத் தாள் பல்கலைக்கழகத்தைத் தாண்டாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் நேர்ந்திருக்காது. தாண்டவைத்தவர் அவர். தோட்டத்துக்குள் போக மானேஜரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அடுத்த வருட மாணவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமல்லவா. அதனால் எங்கள் ஆய்வில் ஒரு பிரதியை, திருத்துவதற்கு முன்பே, மரியாதைக்காக மானேஜருக்கு அனுப்பிவைத்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மானேஜர் புரட்டிப் பார்த்தாரோ இல்லையோ, ஆபீஸ் கிராணி படித்தார். படித்ததைக் கங்காணிக்குச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடவில்லை என்று என் அம்மா சொன்னார். "மூணாம் மலை, பத்தொம்போதாம் நிரை, முன்னால வா," என்று கூப்பிட்டாராம். பாக்கியம் அக்கா போய் நின்றார். பெயர் வெட்டியாயிற்று, மாதம் முடிவதற்குள் லயத்தைக் காலி பண்ணு என்றார்களாம். தோட்டத்தில் வேலை இல்லையென்றால் லயத்தில் வீடு இல்லை. களத்தில் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, என் அம்மாவும்தான்.

செய்தி கேட்டு நாங்கள் மேலே வந்தபோது பாக்கியம் அக்காவின் பாத்திரங்கள் என் அப்பா ஓட்டும் லாரியிலேயே ஏறிக்கொண்டிருந்தன. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா ஓர் அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தோம். "நீங்க எழுதுனது தப்பில்லம்மா, நான் சொன்னதுதானே," என்றார். பிறகு பிலோமினாவை மட்டும் பார்த்து, "ஆனா என் நிரையை ஏன் எழுதுனீங்க?" என்று கேட்டார்.

கீழே திரும்பியதும் அவள் நேராக அவருடைய அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இதுமாதிரி ஆய்வுகளில் சில சங்கடங்கள் வரும் என்றார் அவர். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது வருத்தமானது, ஆனால் இதைத் தனி ஆளின் குற்றமாகப் பார்க்கக்கூடாது, அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் இது என்றார். பாடம் நடத்தும் அதே குரல், அதே கலங்கிய கண். பிலோமினா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சார், அமைப்பு தபால் அனுப்பாது. ஸ்டாம்பு ஒட்டினது யாரு?" என்றாள். அவர் கண் அன்றைக்குத்தான் காய்ந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் என்னை மட்டும் கூப்பிட்டார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. நிரை வரைபடத்தையும் எண்களையும் ஆய்வில் சேர்த்தது பிலோமினா மட்டுமே, எனக்கு அதில் பங்கில்லை, வேண்டாம் என்று நான் எச்சரித்தும் அவள் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. அத்தனையும் பொய். நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, "உங்க அப்பா இன்னும் அங்கதானே லாரி ஓட்டுறாரு?" என்று மிக அன்பாகக் கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவர் கொடுத்ததுதான்.

இதை நான் எழுதுவது இதுவே முதல் தடவை. என் கணவருக்கும் தெரியாது, இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்.

துறை ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என் பங்கை ஏற்றுக்கொண்டு, பிலோமினாவின் ஆய்வை மட்டும் நிராகரித்தார்கள். தகவல் தந்தவர்களின் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்து ஆய்வு ஒழுக்கத்தை மீறினாள் என்பது குற்றச்சாட்டு. காட்டிக்கொடுத்தவரே அதை வாசித்தார். வேறு தலைப்பில் அடுத்த வருடம் எழுதலாம் என்று சலுகை தந்தார்கள். பிலோமினா எழுந்து நின்று சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை என்னால் இன்றும் சொல்லமுடியும். "அமைப்பைப் பாருன்னு சார் மூணு வருஷமா சொல்லிக் குடுத்தாரு. பாத்துட்டேன். அது காலையில எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வகுப்புக்கு வருது." தன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பட்டம் இல்லாமல்தான் மலைக்குத் திரும்பினாள். நான் பட்டத்தோடு வந்தேன், அந்தப் பட்டத்தால்தான் இன்றுவரை சோறு சாப்பிடுகிறேன்.

திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் கட்டுக்கட்டி லாரியில் ஏற்றும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பாக்கியம் அக்காவுக்கும் அங்கேயே ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை பிடித்துக் கொடுத்தாள். மத்தியானங்களில் மலைப் பெண்களுக்கு மனு எழுதினாள். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையை மாற்ற ஒரு மனு, லயத்துக் கூரைக்கு ஒரு மனு, நிரை மாற்ற ஒரு மனு. எந்த மனுவிலும் 'அமைப்பு' என்ற சொல் இருக்காது. யார் செய்தார், எந்தக் கிழமை செய்தார், பக்கத்தில் யார் நின்றார், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் தள்ளிவிட்ட ஆய்வை அவள் பத்து வருடத்துக்கு மேல் இப்படிப் பாகம் பாகமாக எழுதினாள் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் அவருடைய புத்தகம் வந்தது. அதன் நடுப்பக்கத்தில் மூன்றாம் மலையின் வரைபடம் இருக்கிறது. ஒழுக்க மீறல் என்று தள்ளப்பட்ட அதே வரைபடம், ஆசிரியர் தாமே களத்தில் வரைந்தது என்ற குறிப்போடு. உங்களில் யாரிடமாவது அந்தப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஏழு, பதினேழு என்ற எண்களில் ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும். அது என் பழக்கம். என் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுத் தாள்களில் இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

பிலோமினா புத்தகத்தைப் படித்துவிட்டுக் கத்தவில்லை. "நல்லா எழுதியிருக்காரு," என்றாள். அவர் ஒருநாள் இங்கே வருவார், தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பேச தோட்டத்துக்கே வராமல் அவரால் இருக்கமுடியாது, அதுவரை காத்திருக்கலாம் என்றாள். மூன்று வருடம் காத்திருந்தாள். கோபத்தைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "கோபத்தை ஆறவிடக்கூடாது லா. ஆறிப்போன தேத்தண்ணியை யாரு குடிப்பா?"

அவர் வந்தார். பிரிஞ்சாங் மண்டபத்தில், 'தோட்டத்துப் பெண்களும் சமூக நீதியும்' என்ற தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே நல்ல மழை. பேச்சு பாதி போயிருக்கும்போது பிலோமினா பத்தொன்பது பெண்களோடு உள்ளே வந்தாள். முன்வரிசை நாற்காலிகளில் அவர்கள் நிரை வரிசைப்படி உட்கார்ந்தார்கள். மேல் நிரைக்காரிகளைக் கீழ் நிரைக்காரிகளுக்குப் பக்கத்தில் உட்காரச் சம்மதிக்கவைப்பதற்கே அவளுக்கு அந்த மூன்று வருடத்தில் முக்கால்வாசி போயிற்று. பிறகு முதல் பெண் எழுந்தாள். "மூணாம் மலை, மொத நிரை, முத்தம்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்தவள் எழுந்தாள். புத்தகத்தில் எண்ணாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தம் பெயரைச் சொன்னார்கள். ஏழாவது பெண்ணில் அவர் பேச்சை நிறுத்தினார். பத்தாவது பெண்ணில் தண்ணீர் குடித்தார், பதினான்கில் மறுபடியும் குடித்தார். கடைசியாகப் பாக்கியம் அக்கா எழுந்தார். "மூணாம் மலை, பத்தொம்போதாம் நிரை, பாக்கியம். இப்போ அந்த நிரையில வேற ஆளு. ஐயா அனுப்புன பேப்பரால," என்றார்.

நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கத்துக் கதவு வழியாகப் போனார். அந்த மழையில் குடையை விட்டுவிட்டுப் போனார். நல்ல கறுப்புக் குடை, மூங்கில் பிடி. பிலோமினா அதை எடுத்துக்கொண்டு வந்து, சாகும்வரை கடைக்கும் கோயிலுக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு போனாள். யாரோ, திருப்பி அனுப்பிவிடேன் என்றபோது, "மரியாதைக்காகக் குடுத்துட்டுப் போயிருக்காரு," என்றாள்.

அவள் இனிமையானவள் இல்லை. அந்தக் கங்காணி செத்தபோது அவள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய், குழி மூடும்வரை நின்றுவிட்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். "உறுதிப்படுத்திக்கிட்டேன்," என்றாள். பங்குச் சாமியார் பகைவரை மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம் செய்த அன்று, வெளியே வந்து அவரிடமே, "கேக்கிறவனுக்குக் குடுக்கலாம் சாமி. கேக்காதவனுக்கு நான் எதுக்கு வீடு தேடிக் கொண்டுபோய்க் குடுக்கணும்?" என்றாள். சாமியாருக்கு அவளைப் பிடிக்கும். நீதி என்பது நடந்ததைச் சரியாகச் சொல்லவைப்பது, அதற்குமேல் எதுவும் தனக்கு வேண்டாம் என்பாள். கொஞ்சம் பயப்படவும் வைக்கவேண்டும் என்று உடனே சேர்த்துக்கொள்வாள்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. கடைசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோலா தெர்லாவில் அவளுடைய அண்ணன் வீட்டில் அவளைப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு வந்த அதே படிவம் அவளுக்கு அப்போதே வந்திருந்தது. கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு, வெட்கமில்லாமல் சொன்னேன். "போட்டுடு பிலோ. உன் பேராவது வரட்டும். பட்டமும் குடுக்கல, பேரும் இல்லாம போகணுமா?"

"பாக்கியம் அக்கா பேரு வருமா?"

"அதெல்லாம் போடமாட்டாரு."

"அப்ப எனக்கும் வேணாம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு, "சரசு, நீ ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. எந்தப் பேப்பர் என்று கேட்டேன். அப்படிக் கேட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

"நீ போட்ட அன்னைக்கே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. உன் கூட்டாளியே இப்படிச் சொல்றாளேன்னு. நானும் பாத்தேன். உன் கையெழுத்து அழகாத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. அழுதா நான் பரவால்லன்னு சொல்லணும். அதோட முடிஞ்சிரும் லா."

"பின்ன எதுக்கு இத்தனை வருஷம் என்கூடப் பேசுன? என் கல்யாணத்துல வந்து பந்தி பரிமாறுன?"

"சாட்சிக்கு," என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. "அந்த ரூம்ல நீயும் அவரும்தான் இருந்தீங்க. அவரு சொல்லமாட்டாரு. மிச்சம் நீதான். உன்னையும் விரட்டிட்டா எனக்கு யாரு இருக்கா? உன்னைப் பத்திரமா வச்சிருந்தேன்."

நான் அழத்தான் செய்தேன். அவள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். சாகப்போகிறவளிடம் கேட்கக்கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டேன்.

"இல்லை," என்றாள். "மொதல்ல நீ போய்ச் சொல்லு. எல்லாருக்கும் தெரியிற மாதிரி சொல்லு. அப்புறம் பாப்போம்."

பதினோராம் நாள் லாரிக்காரர் என் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார்.

ஐயா, உங்கள் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் அறையில் ஒருமுறை போட்டேன், ஒரு ஆயுளுக்கு அது போதும். கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டாம், ஆனால் கட்டாயம் வாருங்கள். முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், பாக்கியம் அக்காவுக்குப் பக்கத்தில். நான் இந்தக் கட்டுரையை உங்கள் முன்னால் நின்று சத்தமாக வாசிக்கப்போகிறேன். என் பட்டத்தைப் பறிக்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் பறிக்கட்டும், அதில் பாதி பிலோமினாவுடையது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். அவள் எனக்குத் தராமல் போன மன்னிப்பு என்னிடம் இருக்கிறது. அவள் உன்னை எப்போதோ மன்னித்திருப்பாள் என்று ஆறுதல் சொல்ல யாரும் தயவுசெய்து என் வீட்டுக்கு வரவேண்டாம். அவளை உங்களைவிட எனக்குத் தெரியும். சொன்ன பிறகு பார்க்கலாம் என்றாள், பார்ப்பதற்குள் போய்விட்டாள், இனி அது எனக்குக் கிடைக்காது. கிடைக்காத அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளையும் ஓட்டவேண்டும்.

நான் சொல்லிவிட்டேன் பிலோ. ஐயா, அடுத்து நீங்கள்.